சிசியில் பேர் இல்லாத மெயில்

பெரியநாயக்கன்பாளையத்தில், மேட்டுப்பாளையம் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு வார்ப்படப் பட்டறை இருக்கிறது. வெளிநாட்டு பம்பு கம்பெனிகளுக்குக் கேசிங், அதாவது பம்பின் இரும்பு வெளிக்கூடு, வார்த்து அனுப்புகிற இடம். அங்கே குமாரசாமிக்கு என்ன வேலை என்று கேட்டால் பதில் சொல்பவர் கொஞ்சம் திணறுவார். விசிட்டிங் கார்டில் 'மேலாளர், தரமும் தொடர்பும்' என்று போட்டிருக்கிறது. உண்மையில் இருபத்தேழு வருடமாக அவர் பார்த்துவரும் வேலை ஒன்றே ஒன்றுதான். யாரையும் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது.

மெயில் யாருக்குப் போகிறதோ அவர் பெயர் மேலே இருக்கும். அதற்குக் கீழே, 'உங்கள் பார்வைக்கும்' என்று நகல் பெறுகிறவர்களின் பட்டியல். ஆபீசில் அதைச் சிசி என்பார்கள். மற்றவர்கள் சிசியில் இரண்டு பேரைப் போடுவார்கள், மிஞ்சினால் மூன்று. குமாரசாமி எப்போதும் பன்னிரண்டு பேரைப் போடுவார். முதலாளி மதன்குமார், வேலையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் இருக்கும் மதன்குமாரின் அப்பா, கணக்குப் பிரிவில் இரண்டு பேர், ஸ்டோர்ஸ், டிஸ்பாட்ச், எடை மேடைக்காரர், ஆடிட்டர் என்று கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் மாதிரி நீளும். கழிவறைக் குழாய் ஒழுகுகிறது என்று எழுதிய மெயிலில்கூட ஆடிட்டர் இருந்தார். இதில் நான் என்ன செய்யவேண்டும் என்று அவர் போனில் கேட்டார்.

"ஒன்னுஞ் செய்ய வேண்டாங்க. உங்குளுக்குத் தெரியாமப் போயிரக் கூடாதுல்லங்க," என்றார் குமாரசாமி.

நாம் சிரிக்கலாம். அவர் பட்டது அவருக்குத்தான் தெரியும். அவருடைய மனைவி சாந்தாமணியின் தம்பி பாலுசாமியும் அதே பட்டறையில்தான் இருக்கிறார். வார்ப்பதற்கு மணல் அச்சு செய்கிற மோல்டிங் பிரிவு முழுவதும் அவர் பொறுப்பு. ஐந்து வருடத்துக்கு முன்னால், அந்தப் பிரிவைப் புது ஷெட்டுக்கு மாற்றுவது பற்றிக் குமாரசாமி ஒரு மெயில் அனுப்பினார். பதினோரு பேருக்கு நகல் போனது. பாலுசாமியின் பெயர் எப்படியோ விடுபட்டது. யாருடைய இடத்தை மாற்றப்போகிறார்களோ அந்த மனிதருக்கு, டீக்கடையில் லோடு இறக்குகிறவர் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது.

மூன்று வருடம் பாலுசாமி அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பொங்கல் சீர் மட்டும் தவறாமல் வந்தது, கம்பெனியின் குட்டி லாரியில், டிரைவர் கையால். கரும்புக் கட்டு இறங்குவதைப் பார்த்துக்கொண்டு சாந்தாமணி நின்ற நிற்பையும், அன்று முழுக்கத் தன்னிடம் அவள் ஒரு வார்த்தை பேசாததையும் குமாரசாமி மறக்கவில்லை. பிறகு ஒரு விசேஷத்தில் சொந்தக்காரர்கள் நாலு பேர் பேசி, இருவரையும் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்காரவைத்தார்கள். மறுநாளிலிருந்து எந்த மெயிலாக இருந்தாலும் சிசியில் முதல் பெயர் பாலுசாமியுடையதுதான்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் போன வருடம் அந்தப் பூட்டு வந்து சேர்ந்தது.

அவர்களிடம் கேசிங் வாங்குகிற நெதர்லாந்துக் கம்பெனியை யாரோ போலி மெயில் அனுப்பி ஏமாற்றிவிட்டார்களாம். அதனால் புது ஏற்பாடு. தரம் பற்றிய மெயில் எல்லாம் இனி டிஜிட்டல் கையெழுத்தோடும் பூட்டியும்தான் வரவேண்டும். சரக்கு அனுப்பும் ஒவ்வொரு கம்பெனியிலும் ஒரே ஒருவர்தான் அதை அனுப்பலாம். அந்த ஒருவர் குமாரசாமிதான் என்று மதன்குமார் யோசிக்காமலே சொல்லிவிட்டார்.

ஏற்பாடு செய்ய ஆர்.எஸ்.புரத்திலிருந்து ஹாரிகா என்ற கம்ப்யூட்டர் நிபுணர் வந்தார். ஆபீஸ் கம்ப்யூட்டரை ஒரு பார்வை பார்த்தார். மானிட்டரின் ஓரத்தில், ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டுக்குப் பக்கத்தில், பாஸ்வேர்டு எழுதி ஒட்டியிருந்தது.

"இதுல வேண்டாங்க சார். உங்க போன்லயே போட்டுறலாம்," என்றார்.

அன்று மதியம் முழுவதும் ஹாரிகா பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். "சான்றிதழ் உங்க பேர்ல, உங்க போனுக்குள்ள இருக்குதுங்க. அதனால மெயில் உங்ககிட்ட இருந்துதான் வந்துச்சுன்னு அவங்களுக்கு உறுதியாத் தெரியும். நடுவுல யாராச்சும் ஒரு எழுத்த மாத்தினாக்கூடக் காட்டிக்குடுத்துரும். அது கையெழுத்து. பூட்டு வேறங்க. அவங்க சான்றிதழ் உங்ககிட்ட இருந்தாத்தான் நீங்க பூட்டி அனுப்ப முடியும். அதை அவங்க மட்டுந்தான் தொறக்க முடியும்."

"அவிக சான்றிதழ் நம்ம கைக்கு எப்படிங்க வரும்?"

"அவங்க கையெழுத்துப் போட்டு ஒரு மெயில் அனுப்பினா அதுகூடவே வந்துருங்க. நீங்க அனுப்பினா உங்களுது அங்க போயிரும். யாராச்சும் ஒருத்தர் மொதல்ல அனுப்பணும்."

குமாரசாமிக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றிக்கொள்வது மாதிரிதானே என்று எடுத்துக்கொண்டு, நாமே முறையாக முதலில் அனுப்புவோம் என்று அனுப்பினார். ஒரு மணி நேரத்தில் அந்தக் கம்பெனியின் தர அதிகாரி யுஸ்ராவிடமிருந்து கையெழுத்திட்ட பதில் வந்தது. யுஸ்ராவின் சான்றிதழைப் போனில் சேர்த்துக்கொண்டதும், அந்தப் பெயருக்குப் பக்கத்தில் நீல நிறத்தில் சின்னதாக ஒரு பூட்டு மூடிக்கொண்டது. அதை அவர் ஏழு பேரிடம் காட்டினார்.

பிறகு வழக்கம்போல சிசியில் பன்னிரண்டு பேரையும் போட்டார். பன்னிரண்டு பெயரும் சிவந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் திறந்த பூட்டு. மெயில் நகரவே இல்லை.

"இவங்க யாருக்கும் சான்றிதழ் இல்லீங்க. ஒரு பூட்டு தொறந்திருந்தாக்கூட மெயில் போகாதபடிக்குத்தான் வச்சிருக்கேன்," என்றார் ஹாரிகா.

"அப்பப் பன்னெண்டு பேருக்கும் ஒன்னொன்னு வாங்கிப்போடலாங்களா?"

"வாங்கலாங்க. ஆனா ஒருத்தர்தான் அனுப்பணும், ஒருத்தர்தான் படிக்கணும்னு அவங்க சொல்லிருக்காங்களே."

குமாரசாமி அன்று டீ குடிக்கவில்லை. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். யுஸ்ராவுக்குப் பூட்டிய மெயில் ஒன்று அனுப்புவார். உடனே பன்னிரண்டு பேருக்கும் பூட்டாத மெயில் ஒன்று அனுப்புவார்: 'சற்று முன் பூட்டிய மெயில் ஒன்று அனுப்பியுள்ளேன். அதில் விசேஷம் எதுவும் இல்லை. தவறாக எண்ண வேண்டாம்.' ஐந்து மாதம் இது நன்றாகத்தான் ஓடியது, உள்ளே உண்மையிலேயே விசேஷம் எதுவும் இல்லாததால்.

நவம்பரில் விசேஷம் வந்தது. பதினேழு கேசிங்கில் நீர் கசிகிறது என்று யுஸ்ரா எழுதினார். அறுத்துப் பார்த்தால் இரும்புக்குள் குமிழிகள். காரணம் தெரியவேண்டும். 'சில சூழ்நிலைகளால் ஏற்பட்ட மாறுபாடு' என்று குமாரசாமி பட்டும் படாமலும் எழுதிய பதில் திரும்பி வந்தது. என்ன நடந்தது, அதைச் சொல்வது யார் என்று யுஸ்ரா கேட்டிருந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை அவர்கள் ஊர் நண்பகலுக்குள், நம் ஊரில் மாலை நாலரைக்குள் நேரான பதில் வராவிட்டால், இந்தக் கேசிங்கை வேறு பட்டறைக்குக் கொடுத்துவிடுவார்களாம்.

காரணம் குமாரசாமிக்குத் தெரியும். கேசிங்கின் உள் குழிவுக்காக மணலில் 'கோர்' என்று ஒன்று செய்து அச்சுக்குள் வைப்பார்கள். அதை ஓவனில் நன்றாகக் காயவைக்கவேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் உருக்கிய இரும்பு பட்டதும் ஆவி கிளம்பிக் குமிழி விழும். அவர் ஓவன் பதிவேட்டைப் புரட்டினார். செப்டம்பரில் ஒரு நாள் மட்டும், ஆறு மணிக்கு எடுக்கவேண்டிய கோர் நாலு மணிவாக்கிலேயே வெளியே வந்திருந்தது. கீழே பாலுசாமியின் கையெழுத்து.

என்ன நடந்தது மாப்ள என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒரு வாரமாக அந்த வார்த்தைதான் வாயில் வரவில்லை. கேட்டால் குற்றம் சாட்டியதாக ஆகிவிடும். கேட்காமல், பாலுசாமியைப் பற்றிப் பாலுசாமிக்கே தெரியாமல் ஒரு மெயில் போனால், முன்பு மூன்று வருடத்தில் ஆறிய புண் இந்தத் தடவை ஆறாது. சாந்தாமணி மறுபடியும் வாசலில் நின்று குட்டி லாரியைப் பார்ப்பாள். மதன்குமாரோ, "உள்ளத எழுதிப்போடுங்க. யாரு பண்ணுனதுன்னு எனக்கு வேண்டாங்க, இனி வராம இருந்தாப் போதும்," என்று ஒதுங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை குமாரசாமி போனை எடுத்து உட்கார்ந்தார். யுஸ்ராவின் பெயரைப் போட்டதும், கை பழக்கத்தில் பன்னிரண்டு பேரையும் சேர்த்துவிட்டது. பன்னிரண்டும் சிவந்தன. அழித்தால் போதும். ஆனால் ஒரு மனிதரின் பெயரை, அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எப்படி அழிப்பது? அதுவும் இந்தத் தடவை, 'விசேஷம் எதுவும் இல்லை' என்று எழுதவும் முடியாது.

எனவே ஒவ்வொருவருக்கும் போன் செய்தார்.

"ஏனுங்க, ஒரு முக்கியமான மெயில் போகுதுங்க. அதுல உங்க பேர எடுக்க வேண்டியதாப் போச்சுங்க. மனசுல வச்சுக்காதீங்க."

"எடுத்துக்கங்க. என்ன மெயிலுங்க?"

"அது சொல்லக் கூடாதுங்க."

சொல்லக் கூடாது என்ற அந்த ஒரு வாக்கியத்தைப் பதினோரு பேரிடம் பதினோரு தடவை சொன்னார். எடை மேடைக்காரர், தனக்கு மெயில் வருவதே தெரியாது என்றார். கணக்குப் பிரிவு அம்மணி, தான் அதையெல்லாம் ஒரு ஓரமாகத் தள்ளிவைத்திருப்பதாகவும், நாலாயிரம் இருக்கும் என்றும் வெள்ளந்தியாகச் சொன்னார். குமாரசாமிக்கு அது வலித்தது. வலித்தாலும் முறையை விடவில்லை. பாலுசாமியைக் கடைசிக்கு வைத்திருந்தார், அங்கே என்ன சொல்வது என்று தெரியாததால்.

ஒன்றரைக்குப் பாலுசாமியை அழைத்தார். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தார். துண்டிக்கப்பட்டது. பாலுசாமி மனைவி வழிச் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்காகக் காலையிலேயே ஈரோட்டுக்குப் போயிருந்தார். பந்தியில் இருப்பார் என்று குமாரசாமி தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தபோது டிஸ்பாட்ச்காரர் உள்ளே வந்தார்.

"ஏனுங்க, பாலுசாமியண்ணன் போன் பண்ணுனாருங்க. கேசிங் விசயமா ஏதோ ரகசிய மெயில் போகுதாமா, அவரு பேர எடுத்துப்போட்டாங்களாமான்னு கேட்டாருங்க. உங்குளுக்கு எப்புடித் தெரியும்னேன். ஊரே பேசிக்குதுங்கறாரு."

ரகசியத்தைப் பதினோரு பேருக்கு முறைப்படி அறிவித்தவர் தாம்தான் என்று குமாரசாமிக்கு அப்போதுதான் உறைத்தது. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், காரை எடுத்தார். அவிநாசி வழியாக ஈரோட்டுக்கு விட்டார்.

மண்டபத்தில் மூன்றாம் பந்தி நடந்துகொண்டிருந்தது. வாசலில் நின்ற பாலுசாமி அவரைப் பார்த்ததும் கும்பிட்டார். கொங்கு நாட்டில் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும்.

"வாங்க சார். சாப்புடுங்க சார்," என்றார் பாலுசாமி. நேற்று வரை மச்சான் என்று கூப்பிட்டவர்.

"மாப்ள, ஒரு நிமிசம் காருக்கு வா."

"இங்கயே சொல்லுங்க சார். நமக்குள்ள என்னங்க ரகசியம்."

"கையெடுத்துக் கும்புடறேன், வா மாப்ள."

மச்சான் கும்பிடுவதை நாலு பேர் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவே பாலுசாமி வந்தார். காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றினார்கள். குமாரசாமி போனைத் திறந்து அவர் கையில் கொடுத்தார். மேலே யுஸ்ராவின் பெயர், பக்கத்தில் நீலப் பூட்டு. கீழே வெறும் வெள்ளை.

"இன்னும் ஒரு எழுத்துக்கூட எழுதலே. உன்னைய கேக்காம எப்படி எழுதுவேன்? கேக்கறதுக்கும் எனக்குத் தெகிரியமில்லே. அதான் ஒரு வாரமாச்சு," என்றார்.

பாலுசாமி அந்த வெள்ளையை விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "அனுப்பிப்போட்டீங்கன்னுதான் நெனச்சேன்."

"இல்லே."

"இத யாரு யாருங்க படிப்பாங்க?"

"அந்தப் பொண்ணு ஒருத்திதான். வேற யாரு தொறந்தாலும் தொறக்காது. மதன்கூட எனக்கு வேண்டாம்னுட்டாரு."

"அக்கா?"

"இல்லே."

மண்டபத்துக்குள் நாதஸ்வரம் நின்று மைக்கில் யாரோ கார் நம்பரைப் படித்துக்கொண்டிருந்தார்கள். பாலுசாமி போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"அன்னைக்கு எம்புள்ள ரித்திகா பெங்களூருக்குக் கெளம்புன நாளுங்க. மொத மொதல்ல வேலைக்குப் போகுது. அஞ்சரைக்கு வண்டி. ரெண்டு மணி நேரந்தானேன்னு கோர எடுக்கச் சொல்லிப்போட்டு ஓடுனேன். சாயிபாபா காலனிக்கிட்ட டிராபிக்கு. நான் போறதுக்குள்ள வண்டி போயிருச்சு. புள்ளையையும் பாக்கலீங்க, பதினேழு கேசிங்கையும் கெடுத்துப்போட்டேன்." அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "புள்ளைகிட்ட, பிளாட்பாரத்துல நின்னு கையாட்டுனேன், நீதான் பாக்கலேன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"எங்கிட்டயாச்சும் சொல்லிருக்கலாமுல்ல மாப்ள."

"உங்ககிட்டச் சொன்னாப் பன்னெண்டு பேருக்குத் தெரிஞ்சு போயிருமுங்க. தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க யாரையும் விடமாட்டீங்க. அதனாலதான் உங்ககிட்ட யாரும் ஒன்னையும் சொல்றதில்லைங்க."

குமாரசாமிக்குச் சுருக்கென்றது. இருபத்தேழு வருடமாக எல்லோரையும் சேர்த்துக்கொண்டே வந்தவரைத் தங்கள் விஷயங்களில் யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை என்பது அவருக்கு அந்தக் காருக்குள்தான் தெரிந்தது.

"மணி என்னாச்சுங்க?" என்றார் பாலுசாமி.

"நாலாகப் போகுது."

"எழுதுங்க. மாறுபாடு, சூழ்நிலைன்னு மொட்டையா எழுதாதீங்க. மோல்டிங் பாலுசாமி ரெண்டு மணி நேரம் முன்னாடி எடுத்துப்போட்டான்னு எம்பேரயே போடுங்க. இனி ஆறு மணி வரைக்கும் ஓவன் கதவு தொறக்காத மாதிரி நானே ஒரு டைமர் பூட்டு மாட்டறேன்னும் போடுங்க. ரித்திகா பேச்சு மட்டும் வேண்டாங்க."

குமாரசாமி ஒற்றை விரலால் இங்கிலீசில் தட்டினார். ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லிக் காட்டினார். 'சுமார் இரண்டு மணி நேரம்' என்பதைப் பாலுசாமி திருத்தினார், சரியாக ஒரு மணி ஐம்பது நிமிடமாம். கையெழுத்து இருக்கிறதா, பூட்டு மூடியிருக்கிறதா என்று இரண்டு பேரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். நாலு இருபத்திரண்டுக்கு மெயில் போனது.

காரை விட்டு இறங்கியதும் சொந்தக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டு மாப்பிள்ளையும் மச்சானும் அவ்வளவு நேரம் என்ன பேசினீர்கள் என்று கேட்டார்கள். சாதாரண நாளாக இருந்தால் குமாரசாமி ஒருவர் விடாமல் சொல்லியிருப்பார்.

"ஏசி ஓடுதான்னு பாத்தோமுங்க," என்றார்.

கடைசிப் பந்தியில் இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது யுஸ்ராவின் பதில் வந்தது. காரணம் தெளிவாக இருக்கிறது, டைமர் பூட்டு மாட்டியதும் படம் அனுப்புங்கள், சரக்கு தொடரட்டும். குமாரசாமி போனை இலைக்குப் பக்கத்தில் சாய்த்துப் பிடித்துக் காட்டினார். பாலுசாமி பார்த்தார், மோர் ஊற்றச் சொன்னார்.

குமாரசாமி வீடு திரும்பும்போது ஏழரை மணி. சாந்தாமணி தோசைக்கல்லின் முன்னால் நின்றிருந்தாள். ஈரோட்டிலிருந்து மூன்று பேர் அவளுக்கு ஏற்கெனவே போன் செய்திருந்தார்கள்.

"ஏனுங்க, தம்பிகூடக் கார்ல உக்காந்து என்னமோ பேசுனீங்களாமா. அவன் மூஞ்சியத் தொடச்சானாமா. என்னங்க ஆச்சு?"

முப்பது வருடக் குடித்தனத்தில் அவளிடம் சொல்லாத சங்கதி என்று அவரிடம் ஒன்றும் இருந்ததில்லை. பட்டறையில் பல்பு மாற்றியதுகூட அவளுக்குத் தெரியும். குமாரசாமி தோசையைப் பிய்த்துச் சட்னியில் தொட்டார்.

"அது நான் சொல்றதுக்கில்லே சாந்தா," என்றார்.

அவள் தோசைத்திருப்பியைக் கையில் பிடித்தபடி திரும்பி அவரைப் பார்த்தாள். கோபித்துக்கொள்ளப்போகிறாள், ஆறுவதற்கு மூன்று நாளாவது ஆகும் என்று அவர் நினைத்தார். அதற்கும் தயாராகத்தான் இருந்தார்.

"உங்ககிட்டயா சொன்னான்?" என்று கேட்டாள்.

"ம்."

"அவன் யாருகிட்டயும் எதுவுஞ் சொல்லமாட்டானுங்க. சின்னதுல இருந்தே அப்படித்தான்." அவள் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். "உங்கள நம்பிச் சொன்னத எங்கிட்டக்கூடச் சொல்லிப்போடாதீங்க. இன்னொன்னு வெக்கட்டுங்களா?"